அயோவாவின் ஊர்ப் பத்திரிகைகள்: சந்தாவைப் புதுப்பிப்பதா, விட்டுவிடுவதா?

#1 சோளக்காட்டார்

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், தலைநகர் டெமோயினுக்கு வடமேற்கே ஒரு கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) தலைமையூரில் ஆறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கணினி வேலை. வாரத்தில் இரண்டு நாள் தலைநகருக்குப் போய்வந்தால் போதும் என்று ஆனபோது, வீட்டு விலை குறைவு என்பதற்காக இந்தச் சிற்றூருக்கு வந்து சேர்ந்தோம்.

வியாழக்கிழமைதோறும் தபாலில் வரும் ஊர் வார இதழின் சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. விலையும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. பன்னிரண்டு பக்கத் தாள். போன வாரத்து இதழை இப்போது மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். முதல் பக்கத்தில் உயர்நிலைப் பள்ளி மல்யுத்த அணியின் படம். மூன்றாம் பக்கத்தில் நான்கு இரங்கல் குறிப்புகள். கடைசி மூன்று பக்கங்களில் பொடி எழுத்தில் கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழுவின் கூட்டக் குறிப்பும், அந்தக் கூட்டத்தில் பட்டுவாடாவுக்கு ஒப்புதல் தரப்பட்ட தொகைகளின் பட்டியலும். சரளைக்கல்லுக்கு இவ்வளவு, ஷெரிப் அலுவலக வண்டி டயர்களுக்கு இவ்வளவு, நீதிமன்றக் கட்டட மின்தூக்கியைப் பழுதுபார்த்தவருக்கு இவ்வளவு என்று சதம் வரை அச்சாகியிருக்கிறது.

இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று என் மனைவி கேட்கிறார். நான் படிக்கிறேன் என்பதைத் தவிர என்னிடம் நல்ல பதில் இல்லை. இந்தத் தாளுக்குப் பணம் கட்டுவது பழக்கதோஷமா, அல்லது அதில் ஏதேனும் பொருள் இருக்கிறதா? பத்திரிகைத் துறையில் இருந்தவர்கள் இங்கே சிலர் உண்டு என்பதால் கேட்கிறேன்.

#2 மெய்ப்புநோக்கி

சென்னையில் முப்பது ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியும் துணையாசிரியராக இருந்தும் ஓய்வு பெற்றவன் என்பதால் இந்த இழையைக் கண்டதும் கை துறுதுறுக்கிறது. மகள் அயோவா பல்கலைக்கழகத்தில் படித்த நான்கு ஆண்டுகளில் இரண்டு முறை அங்கு வந்து தங்கியிருக்கிறேன். போகும் ஊரிலெல்லாம் உணவகத்து மேசையில் கிடக்கும் உள்ளூர்த் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவேன்.

அயோவாவுக்கு 99 கவுண்டிகள். இந்த மாநிலத்தில் இரண்டு அடுக்குகளாகப் பத்திரிகை வளர்ந்தது. மேல் அடுக்கில் டெமோயின் ரெஜிஸ்டர். 1903இல் கௌல்ஸ் குடும்பம் வாங்கிய பிறகு அது தலைநகரின் தாள் என்ற நிலையைத் தாண்டி மாநிலம் முழுவதற்கும் உரிய தாளாகவே வளர்ந்தது. விளையாட்டுப் பக்கங்களை வெளிர் ஆரஞ்சுத் தாளில் அச்சிட்டதையும், படம் எடுக்கச் சொந்தமாக விமானம் வைத்திருந்ததையும் அங்குள்ள முதியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். 1973இல் அதன் பத்தியாளர்கள் இருவர் விளையாட்டாகத் தொடங்கிய, மாநிலத்தைக் குறுக்கே கடக்கும் மிதிவண்டிப் பயணம் இன்றும் ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கிறது. 1985இல் அந்தக் குடும்பம் பத்திரிகையைக் கானெட் என்ற பெரிய பத்திரிகை நிறுவனத்துக்கு விற்றது.

கீழ் அடுக்கில் நீங்கள் மேசையில் விரித்து வைத்திருப்பதைப் போன்ற வார இதழ்கள். அவற்றின் பெயர்களைக் கவனியுங்கள். மவுண்ட் வெர்னன்-லிஸ்பன் சன் என்பதுபோல நடுவில் ஓர் இணைப்புக் கோடு அடிக்கடி தென்படும். அக்கம்பக்கத்து ஊர்கள் இரண்டு சேர்ந்து ஒரு தாளைத் தாங்குகின்றன என்பதே அந்தக் கோட்டின் பொருள். ஆள் குறைந்ததும் முதலில் பள்ளிகள் இணையும். பிறகு தாள்கள் இணையும். 2010க்கும் 2020க்கும் இடையில் 99 கவுண்டிகளில் 68இல் மக்கள்தொகை குறைந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் ஊர்த் தாளின் ஜாதகம் ஓரளவு விளங்கிவிடும்.

புதுப்பியுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அது துறைப்பாசம் கலந்த பதில் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

#3 கணக்குப்பிள்ளை

மெய்ப்புநோக்கி ஐயாவின் பாசம் புரிகிறது. ஆனால் சந்தாப் பணம் அந்தத் தாளை வாழவைக்கிறது என்ற எண்ணத்தை முதலில் விடவேண்டும்.

சோளக்காட்டார் குறிப்பிட்ட பொடி எழுத்துப் பக்கங்கள்தான் அந்தத் தாளுக்கு வருமானம். அயோவாச் சட்டப்படி கவுண்டியும் நகராட்சியும் பள்ளி நிர்வாகமும் தம் கூட்டக் குறிப்புகளையும் செலவுப் பட்டியலையும் செய்தித்தாளில் வெளியிட்டாக வேண்டும். அதற்கு ஏற்ற "அதிகாரபூர்வத் தாள்" எது என்பதைக் கவுண்டிக் குழுவே தேர்ந்தெடுக்கிறது. வரிக்கு இவ்வளவு என்று கட்டணமும் வரையறுக்கப்படுகிறது. ஆகவே எந்தக் குழுவைக் கண்காணிப்பதாகச் சொல்கிறார்களோ, அதே குழு கொடுக்கும் பணத்தில்தான் தாள் ஓடுகிறது. இதைக் கண்காணிப்பு என்று எப்படிச் சொல்வது?

செலவுப் பட்டியல் வேண்டுமென்றால் கவுண்டியின் இணையதளத்தில் போட்டுவிடலாம், தேடவும் வசதி. இரங்கல் குறிப்பு சவ அடக்க நிலையத்தின் தளத்திலேயே கிடைக்கிறது. பள்ளி ஆட்டத்தைப் பெற்றோர்கள் கைபேசியில் நேரலையாகவே காட்டிவிடுகிறார்கள். பிறகு வியாழக்கிழமை வரும் தாளில் புதிதாக என்ன இருக்கிறது?

#4 மிசௌரிக்கரை

கணக்குப்பிள்ளை கேட்டதற்குப் பக்கத்து ஊர் ஒன்றிலேயே பதில் இருக்கிறது. நான் சூ சிட்டியில் இருக்கிறேன். இங்கிருந்து கிழக்கே காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஸ்டார்ம் லேக் வந்துவிடும். பதினோராயிரம் பேர் போல வாழும் ஊர். பன்றி இறைச்சிக்கும் வான்கோழி இறைச்சிக்கும் பெரிய ஆலைகள் உள்ளன. மெக்சிகோ, லாவோஸ் என்று பல நாட்டிலிருந்தும் வந்தவர்கள் அவற்றில் வேலை செய்கிறார்கள்.

அங்கே ஜான் கல்லன் 1990இல் தொடங்கிய தாள் ஸ்டார்ம் லேக் டைம்ஸ். அவருடைய தம்பி ஆர்ட் கல்லன் ஆசிரியர். வாரம் இரு முறை, மூவாயிரம் படிகள். 2015இல் டெமோயின் குடிநீர் வாரியம், ராக்கூன் ஆற்றில் நைட்ரேட் கலப்பதற்கு மேட்டுப் பகுதியின் வயல் வடிகால்களே காரணம் என்று, ஸ்டார்ம் லேக் இருக்கும் புவெனா விஸ்டா, சாக், கால்ஹூன் ஆகிய மூன்று கவுண்டிகளின் வடிகால் அமைப்புகள் மீது வழக்குத் தொடர்ந்தது. எதிர்வாதத்துக்கான வழக்கறிஞர் கட்டணம் கவுண்டிப் பணத்திலிருந்து போகவில்லை. அப்படியென்றால் யார் கட்டுகிறார்கள் என்று அந்தக் குடும்பத் தாள் கேட்டது. வேளாண் வணிக அமைப்பொன்று திரட்டிய நிதி என்று தெரிந்தது. அதற்குக் கொடுத்தவர்கள் யார் என்பதை மட்டும் சொல்ல மறுத்தார்கள். பொது அலுவலகத்தின் வழக்குச் செலவைப் பெயர் சொல்லாதவர்கள் ஏற்கலாமா என்று ஆர்ட் கல்லனின் தலையங்கங்கள் விடாமல் கேட்டன; ஆவணங்களைத் தேடி அலைந்த நிருபர் அவருடைய மகன் டாம். 2017இல் தலையங்கத்துக்கான புலிட்சர் பரிசு அந்த மூவாயிரம் படித் தாளுக்குக் கிடைத்தது.

அந்த நிதி விவகாரம் கவுண்டியின் இணையதளத்தில் இருந்திருக்குமா? ஒரு வரி கூட இருந்திருக்காது. செலவுப் பட்டியலில் வரவேண்டிய தொகை ஏன் வரவில்லை என்று கேட்பதற்குப் பட்டியலை வாராவாரம் படிக்கும் ஒருவர் தேவை.

#5 கணக்குப்பிள்ளை

ஸ்டார்ம் லேக் கதையை எல்லோரும் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு மாநிலத்தில் ஒரு புலிட்சர் தாள் இருப்பதால் மற்ற ஊர்த் தாள்களும் அப்படியே என்று ஆகிவிடாது. நான் முன்பு வேலை நிமித்தமாக மூன்று ஆண்டுகள் வாழ்ந்த ஒரு கவுண்டியின் தாளைப் பெயர் சொல்லாமல் குறிப்பிடுகிறேன். அரசு அலுவலகங்களிலிருந்து வரும் செய்திக்குறிப்புகளை எழுத்துப் பிழையோடு அப்படியே போடும். ஊருக்கு வெளியே பெரிய பன்றிக் கொட்டகைகள் எழுந்தபோது அதைப் பற்றிச் செய்தியே வரவில்லை. தீவன ஆலைக்காரரும் விதை வியாபாரியும் விளம்பரதாரர்கள் என்பதால்தான் என்று காபிக் கடையில் பேசிக்கொண்டார்கள். மனிதர்கள் சுமார் 32 லட்சமும் பன்றிகள் இரண்டு கோடிக்கு மேலும் உள்ள மாநிலத்தில் பன்றியைப் பற்றி எழுதாத தாளை என்னவென்று சொல்வது?

#6 மெய்ப்புநோக்கி

கணக்குப்பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிறு தாளின் மௌனத்துக்கு விளம்பரதாரர் ஒரு காரணம். வழக்குச் செலவு இன்னொரு காரணம், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மேற்கு அயோவாவில் கேரல் என்ற ஊரின் டைம்ஸ் ஹெரால்ட், உள்ளூர்க் காவலர் ஒருவர் பதின்ம வயதுப் பெண்களோடு தொடர்பு வைத்திருந்ததை 2017இல் வெளியிட்டது. அவர் அவதூறு வழக்குப் போட்டார். செய்தி உண்மை என்று சொல்லி நீதிமன்றம் 2018இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. வென்ற பிறகும் தாளின் தலையில் விழுந்த செலவு சுமார் 1,40,000 டாலர்; கடைசியில் வாசகர்களிடம் இணையத்தில் கையேந்தினார்கள். வென்ற தாளுக்கே இந்த நிலை என்றால், பக்கத்துக் கவுண்டி ஆசிரியர் அடுத்த முறை பேனாவை எடுக்குமுன் இரண்டு முறை யோசிக்க மாட்டாரா? வாயடைக்கவென்றே போடப்படும் வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய வழி தரும் சட்டம் 2025இல்தான் அயோவாவில் நிறைவேறியது.

நானும் என் காலத்தில் வழக்கறிஞர் கடிதம் வந்தவுடன் செய்தியின் பற்களைப் பிடுங்கி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

#7 மிசௌரிக்கரை

குடும்பத் தாள்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நாளிதழ்களின் நிலை வேறு. லீ என்டர்பிரைசஸ் நிறுவனத்தின் வேர் இந்த மாநிலம்தான். 1890இல் ஒட்டம்வாவில் பிறந்து இன்று டாவன்போர்ட்டைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் கையிலுள்ள எங்கள் சூ சிட்டி ஜர்னல் 2023 நடுவிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே அச்சாகிறது. தாள் போடும் பையன் போய்விட்டான். தபால்காரர் மதியத்தில் கொண்டுவருகிறார். வெள்ளி இரவு நடக்கும் கால்பந்து ஆட்டத்தின் முடிவைச் செவ்வாய்க்கிழமைத் தாளில் படிக்கும் விநோதம் எங்கள் வீட்டில் வாடிக்கையாகிவிட்டது. நாளிதழ் என்ற சொல்லே இங்கே பொருளிழந்துவிட்டது.

தபாலை நம்பியவர்களுக்கு இன்னொரு அடி. 2021க்குப் பிறகு பருவ இதழ்களுக்கான தபால் கட்டணம் பலமுறை ஏறிவிட்டது, சேவையோ தாமதமாகிறது. சோளக்காட்டாரின் சந்தா ஏறியதற்கு அதுவும் காரணமாக இருக்கும்.

சீடர் ராப்பிட்ஸ் நகரின் த கெசட் 1883இல் தொடங்கியது. பல ஆண்டுகள் ஊழியர்களே உரிமையாளர்களாக இருந்த தாள். அதுவும் 2024 இறுதியில் ஆடம்ஸ் மல்டிமீடியா என்ற வெளிமாநிலக் குடும்ப நிறுவனத்துக்குப் போய்விட்டது. ஊழியர் உடைமை என்றால் தாள் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன்.

#8 மாணவி_அயோவாசிட்டி

நீண்ட நாள் வாசித்துவிட்டு முதன்முறையாக எழுதுகிறேன். தவறிருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். மெய்ப்புநோக்கி ஐயா குறிப்பிட்ட மவுண்ட் வெர்னன்-லிஸ்பன் சன் தாளை இப்போது நடத்துவது எங்கள் அயோவா பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையான த டெய்லி அயோவனின் இலாப நோக்கற்ற அமைப்பு. 2024 ஜனவரியில் அந்தத் தாளையும் சோலன் எகானமிஸ்ட் என்ற தாளையும் அது விலைக்கு வாங்கியது. மாணவர் பத்திரிகை ஒன்று ஊர்த் தாள்களை வாங்குவது அமெரிக்கா முழுவதும் பேசப்பட்டது.

என் தோழி சோலன் நகரக் குழுக் கூட்டத்துக்குச் செய்தி சேகரிக்கச் சென்றாள். கழிவுநீர்க் குழாய்க் கட்டணம் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்களாம். பொதுமக்கள் இருக்கையில் அவளைத் தவிர இருந்தவர் ஒரே ஒரு முதியவர். அவரும் நாய் குரைப்பது பற்றிப் புகார் சொல்ல வந்தவர். கட்டணக் கணக்கைப் புரிந்துகொள்ள மறுநாள் நகர எழுத்தரிடம் போய் ஒரு மணி நேரம் பாடம் கேட்டாள். வகுப்பறையில் இது கிடைக்காது என்றாள். ஆனால் மே மாதத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு அவள் போய்விடுவாள். அடுத்து வருபவர் மறுபடி எழுத்தரிடம் முதலிலிருந்து பாடம் கேட்பார். இந்த ஏற்பாட்டின் குறை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

#9 மெய்ப்புநோக்கி

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் மகளே, தயங்காமல் தொடர்ந்து எழுதுங்கள். இலாப நோக்கற்ற வழியில் இன்னொரு முயற்சியும் உண்டு. 2020இல் மேற்கு அயோவா இதழியல் அறக்கட்டளை தொடங்கப்பட்டு, தனியாரின் நன்கொடையைப் பெற்று ஸ்டார்ம் லேக், கேரல் தாள்களுக்கும், டெனிசன் ஊரிலிருந்து லொரெனா லோபெஸ் 2006 முதல் நடத்திவரும் லா பிரென்சா என்ற ஸ்பானிய மொழித் தாளுக்கும் கைகொடுத்தது. இறைச்சி ஆலைத் தொழிலாளிக்குக் கொரோனாக் காலத்தில் ஆலைக்குள் என்ன நடக்கிறது என்பதை அவர் மொழியில் சொல்வதற்கு ஆள் வேண்டுமல்லவா? அயோவாவின் ஊர்ப் பத்திரிகை என்றால் ஆங்கிலத் தாள் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

ஸ்டார்ம் லேக் டைம்ஸ் 2022இல் தன் போட்டித் தாளான பைலட்-ட்ரிப்யூனை வாங்கி, டைம்ஸ் பைலட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. புலிட்சர் வாங்கிய தாளுக்கும் பெயர் சேர்த்துக்கொள்ளும் விதி வந்துவிட்டது.

#10 கணக்குப்பிள்ளை

நன்கொடையில் ஓடும் தாள், மாணவர் ஓட்டும் தாள், அரசு அறிவிப்பில் ஓடும் தாள். வாசகர் கொடுக்கும் பணத்தில் ஓடும் தாள் எங்கே? வாசகருக்கு அது வேண்டாம் என்பதைத்தானே இது காட்டுகிறது?

இருந்தாலும் எனக்கு எதிரான ஒரு சான்றை நானே தருகிறேன். கணக்கு எழுதுபவன் இரு பக்கத்தையும் எழுதவேண்டும். நாளிதழ் மூடப்பட்ட அமெரிக்கக் கவுண்டிகளில் உள்ளாட்சிக் கடன் பத்திரங்களின் வட்டி எப்படி மாறியது என்று நிதித்துறைப் பேராசிரியர்கள் மூவர் ஆராய்ந்து, 2020இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டார்கள். வட்டி 0.05 முதல் 0.11 விழுக்காடு வரை கூடியிருந்தது. பார்க்கச் சிறியது, ஒரு கோடி டாலர் கடனில் ஆண்டுக்கு ஐயாயிரம் முதல் பதினோராயிரம் டாலர். கேட்க ஆளில்லாத இடத்தில் பணம் போடக் கடன் கொடுப்பவர் கூடுதல் விலை கேட்கிறார் என்பது அவர்கள் விளக்கம். ஆனால் அது நாளிதழ்களைப் பற்றியது. பன்னிரண்டு பக்க வார இதழுக்கும் பொருந்தும் என்று அதிலிருந்து முடிவு கட்ட மாட்டேன்.

#11 சோளக்காட்டார்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மதியம் தாளின் அலுவலகத்துக்கே நேரில் போய் வந்தேன். பழைய செருப்புக் கடை ஒன்றின் முன்பகுதி அது. ஆசிரியர் அம்மையார்தான் விளம்பரம் வாங்குபவர், படமெடுப்பவர், பக்கம் கட்டுபவர். புதன்கிழமை தபால் நிலையத்துக்குக் கட்டுகளைக் கொண்டுபோவதும் அவரே. அவருடைய கணவர் முகவரிச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

கணக்குப்பிள்ளையின் கேள்வியை மழுப்பாமல் கேட்டேன்: பன்றிக் கொட்டகைகளைப் பற்றி நீங்கள் ஏன் எழுதுவதில்லை? அவர் கோபப்படவில்லை. முந்தைய மாதத்து இதழ் ஒன்றை எடுத்து, கடைசிக்கு முந்தைய பக்கத்தில் ஓர் ஓரத்தைக் காட்டினார். பெரிய கொட்டகைக்கு அனுமதி கோரி விண்ணப்பம் வந்தால் கவுண்டி அதைத் தாளில் அறிவிக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த அறிவிப்பு அங்கே இருந்தது: எத்தனை பன்றிகள், எந்தப் பிரிவு நிலம், பொதுமக்கள் கருத்தை எந்தத் தேதிக்குள் சொல்லலாம் என்பது வரை. இங்கே 2002 முதல் ஒரு மதிப்பெண் முறை உண்டாம். மொத்தம் 880, அதில் 440 எடுத்தால் தேர்ச்சி. அந்த விண்ணப்பத்துக்கு எங்கள் கவுண்டிக் குழு மதிப்பெண் போட்ட கூட்டத்துக்கு அவர் போயிருக்கிறார். குழுவினர் மூவர், எழுத்தர், விண்ணப்பதாரரின் ஆலோசகர், இவர். வேறு யாரும் வரவில்லை.

"நான் இரண்டு பத்தி எழுதினேன், மல்யுத்தப் படத்துக்குக் கீழே போட்டேன், ஒரு தொலைபேசி அழைப்பும் வரவில்லை" என்றார். இன்னும் அழுத்தி எழுதியிருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, எழுதியிருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த இதழ் எங்கள் பழைய தாள் கட்டிலேயே கிடந்தது. சரளைக்கல் விலை வரை படித்ததாகச் சொன்ன நான் அந்த ஓரத்தைப் படிக்காமல் தாண்டியிருக்கிறேன். அந்த நிலம் எங்கள் வீட்டிலிருந்து மூன்று மைல்.

#12 கணக்குப்பிள்ளை

சந்தா?

#13 சோளக்காட்டார்

இரண்டு ஆண்டுக்குக் காசோலை கொடுத்துவிட்டேன். இந்த வாரத் தாள் இன்று வந்தது. பதினொன்றாம் பக்கத்தில் இன்னொரு விண்ணப்பம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி, நீதிமன்றக் கட்டடத்தின் இரண்டாம் தளம். அலுவலகத்தில் அரை நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன்.